எருமைக்குச் சாட்சி

என் வயதுக்காரர்களே, உங்கள் போனுக்கும் அந்த வீடியோ வந்திருக்கும். ஒரு குழந்தை வாய்க்காலில் விழுகிறது. ஒரு நாய் பாய்ந்து போய்ச் சட்டையைக் கவ்விக் கரைக்கு இழுத்து வருகிறது. பின்னால் அழுகைப் பாட்டு வேறு. என் மகள் கண் கலங்கக் கலங்கக் காட்டினாள். நான் பார்த்து முடித்துவிட்டுக் கேட்டேன், "அது சரி, இதைப் படம் எடுத்துக்கிட்டு நிண்டவன் ஆர்? அவனுக்குக் கை கால் இல்லையா?" மகள் போனைப் பறித்துக்கொண்டாள். "அம்மாக்கு எதிலயும் சந்தேகம்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம் அல்ல. ஒன்பது வயதில், ஒரு மாரி மழைக்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. என்னையும் ஒரு மிருகம் தண்ணீரிலிருந்து தூக்கி வந்திருக்கிறது. அதை ஒருவரும் படம் எடுக்கவில்லை. அங்கே இருந்தது மூன்று உயிர்: அப்பா, நான், ஓர் எருமை. மூன்றில் பொய் சொன்னது நான் ஒருத்திதான்.

எங்கள் ஊர் எழுவான்கரையில், களுதாவளைப் பக்கம். ஒரு புறம் கடல், மறுபுறம் வாவி. வாவி என்பது பள்ளிக்கூடப் புத்தகத்துச் சொல். எங்களுக்கு அது ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் படுவான்கரை. வயல் வட்டைகளும் மாட்டுப் பட்டிகளும் அங்கேதான். எங்கள் ஊரின் பெரிய காணிக்காரரான போடியாருக்கு அங்கே ஒரு பெரிய எருமைப் பட்டி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய மருமகன், மகளைக் கட்டியவர்.

பட்டி எருமைக்குப் பெயர் கிடையாது, குறிதான் உண்டு. எங்கள் பக்கம் ஒவ்வொரு குடிக்கும் ஒரு குறி. இரும்பைக் காய்ச்சி மாட்டின் தொடையில் வைப்பார்கள். போடியார் வீட்டுக் குறி பாதி வட்டமும் அதற்கு நடுவே ஒரு கோடும். அது மாட்டோடு நிற்காது. மண்வெட்டிப் பிடி, நெல் மரைக்கால், கயிற்றில் கோக்கிற மரக்கட்டை, எல்லாவற்றிலும் சுட்டிருப்பார்கள். அந்தக் குறி உள்ள ஒரு சாமான் உன் வீட்டு வளவில் கிடந்தால் நீ கள்ளன். யாரும் சொல்லித் தர வேண்டாம், எங்கள் ஊரில் பேசப் பழகாத பிள்ளைக்கும் இது தெரியும்.

அந்த ஐப்பசியில் பட்டியில் எருமை குறையத் தொடங்கியது. இந்தக் கிழமை ஒன்று, அடுத்த கிழமை இரண்டு. அதற்குப் பிறகு ஊர் ஊராக இல்லை. யார் வீட்டில் இறைச்சி வாசம் எழும்பினாலும் வேலிக்கு மேலே ஒரு தலை எழும்பும். யாராவது இடுப்பில் ஈரச் சாரத்தோடு வந்தால், எங்கே போய் வருகிறாய் என்று நாலு பேர் கேட்பார்கள். எங்கள் வீட்டு வேலிக்கு மேலேதான் தலைகள் அதிகம் எழும்பின. அப்பா மீன்பிடிகாரர், சொந்தத் தோணி உள்ளவர், பொழுதெல்லாம் ஆற்றில் நிற்கிறவர். அதைவிடப் பெரிய குற்றம், அவர் கதிரவெளியிலிருந்து வந்தவர். எங்கள் பக்கம் கலியாணம் கட்டினால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பது. வீடும் வளவும் அம்மாவுடையவை. பத்து வருடம் இருந்தும் அப்பா ஊருக்கு 'வந்த ஆள்'தான்.

இப்படி இருக்கையில்தான் ஒரு நாள் காலை அப்பா கருவாட்டைக் கொடுத்துத் தயிர் மாற்றி வரப் படுவான்கரைக்குப் புறப்பட்டார். நானும் வருவேன் என்று தோணித்துறையில் உருண்டு அழுதேன். அம்மா ஏசினாள், அப்பா ஏற்றிக்கொண்டார். போகும்போது ஆறு சும்மா கிடந்தது. திரும்பும்போது மத்தியானம். மேற்கே வானம் கறுத்துப் போயிருந்தது. காட்டுப் பக்கம் பெய்த மழையெல்லாம் ஒன்றாய் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தை அடைத்திருந்த மணலையும் அன்றுதான் வெட்டிவிட்டிருந்தார்கள், அது எங்களுக்குத் தெரியாது. தண்ணீர் கடலைப் பார்த்து ஓடியது. நான் தயிர் நிறைந்த மண்முட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வாழை இலையை விலக்கி ஆடையை விரலால் வழித்துத் தின்றுகொண்டிருந்தேன். அந்த ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது, ஏனென்றால் அதற்கு அடுத்த வாய் ஆற்றுத் தண்ணீர்.

மிதந்து வந்த ஒரு மரம் அடித்துத் தோணி கவிழ்ந்தது. அப்பா என் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார். அவருடைய மற்றத் தோள் மரத்தில் அடிபட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால் என்னைப் பிடித்தால் நீந்த முடியாது, நீந்தினால் என்னைப் பிடிக்க முடியாது. அவர் வாய்க்குள் கோயில் அம்மாளைக் கூப்பிடுவது எனக்குக் கேட்டது. அப்போது பக்கத்தில் 'புஸ்' என்று ஒரு மூச்சு. முதலை என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறந்தால் கறுத்த மூக்கு, ஒரு முழுக் கொம்பு, நுனி முறிந்த ஒரு கொம்பு.

அப்பா என்னை அதன் முதுகில் தள்ளி ஏற்றிவிட்டு வாலைப் பிடித்துக்கொண்டார். எருமையின் முதுகு சூடாக இருந்தது. சேறும் பாலும் கலந்த மணம். அதன் கழுத்தில் ஒரு வார்க்கயிறு கிடந்தது, தோலில் முறுக்குகிற பட்டிக் கயிறு. அதன் நுனியில் உள்ளங்கை அளவு மரக்கட்டை. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

அது எங்களைக் காப்பாற்ற வந்ததா, தன்பாட்டில் போகிற வழியில் நாங்கள் குறுக்கிட்டோமா? நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுவிடுகிறேன், ஐம்பது வருடத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். நடு ஆற்றில் என் கை வழுக்கி நான் பக்கவாட்டில் சரிந்தபோது அந்த எருமை நின்றது. அந்த ஓட்டத்தில் எருமை நிற்பதில்லை, நின்றால் அதையும் இழுத்துப் போய்விடும். அது நின்று, தலையைத் திருப்பி, முறிந்த கொம்பை என் பக்கம் சரித்தது. நான் அதைப் பிடித்து மறுபடி ஏறினேன். ஏறிய பிறகுதான் அது நகர்ந்தது.

அது தன் பட்டி இருக்கும் படுவான்கரைக்குப் போகவில்லை. நேரே எழுவான்கரைக்கு வந்தது, எங்கள் வளவுக்குப் பின்னால் தண்ணீருக்குள் வேர்விட்டு நின்ற கண்ணா மரப் பற்றைக்குள். பழகிய வீட்டுக்கு வருவதுபோல் வந்தது. கரையேறும்போது கழுத்துக் கயிறு கண்ணா வேரில் மாட்டி இறுகிவிட்டது. கண் பிதுங்க நின்றது. அப்பா குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தார். விறகு வெட்டப் போன அம்மா கத்தியோடு ஓடிவந்தாள். என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், ஒரே வெட்டில் கயிற்றை அறுத்தாள். அறுத்த கயிறு கையில் வந்த பிறகுதான் கட்டையில் இருந்த குறியைக் கண்டாள்.

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். எருமையின் தொடையைப் பார்த்தாள், அங்கேயும் அதே குறி. தோணித்துறைப் பக்கம் ஆட்கள் கூப்பிட்டுக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. அம்மா கயிற்றையும் கட்டையையும் சுருட்டி இடுப்புக்குள் செருகி முந்தானையால் மூடினாள். என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள். எருமையையும் ஒளிக்க முடிந்திருந்தால் ஒளித்திருப்பாள், பாவம்.

வந்தவர்கள் முதலில் அப்பாவைத் தூக்கவில்லை, எருமையின் தொடையில் தண்ணீர் ஊற்றிக் குறி பார்த்தார்கள். "ஆஹா, அகப்பட்டிட்டார் ஆள்!" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. எருமையைப் போடியார் வளவுக்கு அடித்து ஓட்டிக்கொண்டு போனார்கள். களவுக்கு அதுதான் சாட்சியாம். முருங்கை மரத்தில் கட்டி, புல்லும் போடாமல் தண்ணீரும் வைக்காமல் இரண்டு நாள் நிறுத்தினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கல்லெறிந்தார்கள். நான் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் கொண்டு போனேன். எருமைக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர்! "கள்ளன்ட மகள் வாறாள்" என்று துரத்தினார்கள், நான் சிரட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

அப்பா காய்ச்சலில் கிடந்தபடி அம்மாவிடம் கேட்டார், "அந்தக் கயிறு எங்க கா?"

"ஆத்தோட போயிட்டு" என்றாள் அம்மா. அவரிடமும் மறைத்தாள்.

மூன்றாம் நாள் காலை அம்மன் கோயில் முன்றலில் விசாரணை. பொலிசுக்குப் போவதற்கு முதல் கோயிலில் கேட்பதுதான் எங்கள் ஊர் முறை. கற்பூரம் கொளுத்தி அதற்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும். அம்மா என் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டே சொன்னாள், "இஞ்ச பாரு புள்ள. கயிறு எண்டு வாய் திறக்க ஒண்ணா. போடியார்ட மாடும் போடியார்ட கயிறும் எங்கட கையில எண்டா அப்பாவைப் பொலிசில குடுத்து மறியல்ல போட்டிருவாங்க. எருமையைத் தொடவே இல்ல எண்டு சொல்லு. துடுப்பைப் பிடிச்சிக்கிட்டு வந்தம், அது பின்னால தன்பாட்டுல வந்திச்சு. விளங்கிச்சா?"

"அப்பா என்ன சொல்லுவார்?" என்று கேட்டேன்.

"அவர் ஆம்பிளை. அவர் சமாளிப்பார்" என்று சீப்பால் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அப்பாவிடம் இதைச் சொல்ல அவளுக்குத் துணிவு இல்லை. சொன்னால் அவர் கேட்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

போடியார் கெட்ட மனிதர் இல்லை, இதையும் சொல்லத்தான் வேண்டும். கதிரையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு நிதானமாகத்தான் கேட்டார். "என்ட எருமை ஆத்துக்குள்ள உன்ட கையில எப்படி வந்திச்சு?"

"நான் அதைப் பிடிச்சுக்கிட்டு வரல்ல போடியார். அதுதான் எங்களைக் கொண்டு வந்திச்சு" என்றார் அப்பா. கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அப்பா தொடர்ந்தார். "கழுத்தில வார்க்கயிறு கிடந்திச்சு. உங்கட குறி போட்ட கட்டையும் கிடந்திச்சு. ஆரோ கட்டி ஆத்துக்குள்ள இறக்கி இரிக்காங்க. வெள்ளம் வரவும் விட்டுட்டு ஓடிட்டாங்க."

"என்ட வார்க்கயிறெல்லாம் பட்டிக் குடிலுக்குள்ள பூட்டிக் கிடக்கு. பூட்டுட திறப்பு மருமகன்ட மடியில. அப்ப என்ட மருமகனா கள்ளன்?"

"ஆரையும் நான் சொல்லல்ல. கண்டதைச் சொல்றன்."

"அந்தக் கயிறு எங்க?"

அப்பா அம்மா நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆத்தோட போயிட்டாம்" என்றார். இந்த முறை கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

பிறகு அப்பா ஒன்று சொன்னார். "என்னை என்னவும் செய்யுங்க போடியார். அந்த எருமையை வித்துப்போடாதிங்க. என்ட புள்ளையச் சுமந்த சீவன் அது."

நீங்கள் பட்டிக்காரர் இல்லையென்றால் இது விளங்காது. கள்ளன் ஒரு தடவை ஆற்றைக் கடத்தின எருமையைப் பட்டியில் வைக்க மாட்டார்கள். கால் பழகின எருமை, மற்றதுகளையும் கூட்டிக்கொண்டு கடக்கும் என்று பயம். பிடிபட்ட கையோடு இறைச்சிக்குக் கொடுத்துவிடுவார்கள். போடியார் என்னைக் கைகாட்டினார். "சரி. உன்ட மகள் சொல்லட்டும். எருமை அவளைச் சுமந்தது மெய் எண்டா நீ கள்ளன் இல்ல. எருமையும் என்ட பட்டியில சாகும் மட்டும் நிக்கும். அம்மாள் அறிய இது என்ட வாக்கு."

மருமகன்தான் என்னைக் கற்பூரத்துக்கு முன்னால் கூட்டிப் போனார். என் உயரத்துக்குக் குந்தியிருந்தார். வாயில் வெற்றிலை மணம். "பயப்படாமச் சொல்லு புள்ள. எருமைட கழுத்தில கயிறு கிடந்ததா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, கோயில் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் உண்மையைத்தான் சொல்வாள் என்று அவ்வளவு நம்பிக்கை. அம்மாவைப் பார்த்தேன். அவள் என் வாயை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. கயிறு இல்லையா? கட்டை, கிட்டை?"

"இல்ல."

"நீ எருமையில ஏறினியா?"

"இல்ல. துடுப்பைப் பிடிச்சிக்கிட்டு வந்தம்."

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். வெற்றிலை மணம் என் முகத்தில் அடித்தது. "புள்ள பொய் சொல்லாது மாமா" என்று போடியாரிடம் சொல்லிவிட்டு, பூசைத் தட்டிலிருந்த ஒரு வாழைப்பழத்தை எடுத்து என் கையில் தந்தார். நான் உரித்துத் தின்றேன். எனக்குப் பசித்தது.

அப்பா அப்போதுதான் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. தெரியாத வீட்டுக்குள் வந்துவிட்ட ஆள் பார்ப்பதுபோல் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதிலாக நாலு அடி அடித்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பிள்ளையின் முகத்துக்காகப் பொலிசுக்குப் போகவில்லை என்று போடியார் சொன்னார். ஆனால் இனி ஊர்த் தோணித்துறையில் அப்பா தோணி கட்டக் கூடாது. அதோடு மீன்பிடி முடிந்தது. வளவு அம்மாவுடையது, வேலியைத் தாண்டி ஒரு வேலையும் இல்லாத புருஷன் அதற்குள் எவ்வளவு நாள் இருப்பது? தை பிறந்ததும் அப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கதிரவெளிக்குப் போய்விட்டார். எப்போதாவது கருவாட்டுப் பொட்டலத்தோடு வருவார், பொழுது சாயுமுன் போய்விடுவார்.

எருமை அதற்கு முதலே போய்விட்டது. விசாரணை முடிந்த அன்று பின்னேரமே லொறி வந்தது. பலகை வைத்து ஏற்றினார்கள். மற்ற மாடுகளைப்போல் இழுபறிப்படவில்லை, பேசாமல் ஏறியது. முறிந்த கொம்பு லொறித் தட்டியில் இடித்தது. நான் வேலிக்குள் நின்று பார்த்தேன்.

அந்த மாரிக்குப் பிறகு பட்டியில் ஓர் எருமையும் காணாமல் போகவில்லை. "பார்த்தியளா, ஆள் போனதோட களவும் போயிட்டு" என்று ஊர் சொன்னது. சரியான கணக்குத்தானே! போடியாருக்குப் பிறகு மருமகன் பட்டியையும் ஆண்டு, கோயில் காரியங்களையும் முன்னின்று நடத்தி, நல்ல பெயரோடு செத்தார். நான் அவரைக் கள்ளன் என்று சொல்லவில்லை. கயிறு இருந்ததா என்று ஒரு தடவை கேட்டது சரி, இல்லை என்ற பிறகும் கட்டையைப் பற்றி ஏன் கேட்டார், ஏன் அந்த மூச்சு, அதை மட்டும் யோசிக்கிறேன்.

அம்மாவிடம் ஒரு சின்னத் தகரப் பெட்டி இருந்தது. யுத்தத்தில் எத்தனை தடவை இடம்பெயர்ந்தோம், என்னென்னவெல்லாம் விட்டுவிட்டு ஓடினோம், உங்களுக்குத் தெரியாததா? அந்தப் பெட்டியை மட்டும் அவள் விடவில்லை. பூட்டுக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. நகை என்று, அந்த மாரியில் தொட்டிலில் கிடந்த என் தங்கச்சிக்குச் சந்தேகம். அம்மா செத்த எட்டாம் நாள், நான் எடுத்துவிடுவேனோ என்று அவளும், அவள் எடுத்துவிடுவாளோ என்று நானும், இரண்டு பேரும் ஒன்றாக இருந்து பூட்டை உடைத்தோம். உள்ளே ஒரு பழைய சீலைத் துண்டு. அதற்குள் விறகுபோல் காய்ந்து போன வார்க்கயிறு, நுனியில் மரக்கட்டை, கட்டையில் பாதி வட்டமும் நடுவில் ஒரு கோடும்.

"இது என்ன குப்பை?" என்றாள் தங்கச்சி. நான் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மீன்பிடிகாரன் தோல் கயிறு வைத்திருக்க மாட்டான், தண்ணீரில் அழுகிப் போகும். அது போடியாரின் பூட்டின குடிலுக்குள் இருந்து வந்த கயிறு. திறப்பு வைத்திருந்தவர்தான் எடுத்திருக்க முடியும். களவுச் சாமான் என்று அம்மா பயந்து ஒளித்தது அப்பாவின் விடுதலையை. அதைக் கோயிலில் போடியாருக்கு முன்னால் போட்டிருந்தால் போதும், நான் வாய் திறந்திருக்கவே தேவையில்லை. அம்மாவுக்கு இது எப்போது விளங்கியது? விளங்கின பிறகு ஏன் எரிக்கவில்லை? செத்தவளிடம் யார் கேட்பது?

அடுத்த பஸ்ஸில் கதிரவெளிக்குப் போனேன். அப்பா அப்போது எண்பதைத் தாண்டியிருந்தார், கண் சரியாகத் தெரியாது. வலை காயும் கொட்டிலில் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். நான் கயிற்றை அவர் கையில் வைத்தேன். விரலால் தடவிக்கொண்டே போய்க் கட்டையில் நின்றார். குறியைத் தடவினார், மறுபடி தடவினார்.

"அவளா வச்சிருந்தவள்?"

"ஓம் அப்பா."

"பயந்தவள். பாவம்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்பா, நான் பொய் சொல்லிப்போட்டன் அப்பா. உங்களைக் கள்ளன் ஆக்கிப்போட்டன்."

"அதை விடு மகள். எனக்கு வாய் இரிந்திச்சு, நான் சொன்னன், அவங்க நம்பல்ல. அது என்ட தலையெழுத்து." கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். "அந்த எருமைக்கு வாய் இல்ல. அதுக்கு நீ ஒருத்திதான் இரிந்தாய்."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என்னை அனுப்பிவைத்தார்.